ஏரி மண்ணில் கிடைத்த காசு லட்சம் பெறுமா? பழைய நாணயத்தை அடையாளம் காண்பது, மதிப்பு போடுவது எப்படி?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது தாமல். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று அந்த ஊர் ஏரி. கோடையில் தண்ணீர் வற்றியதும் வண்டல் மண் அள்ள டிராக்டர்கள் இறங்குவது இந்தப் பக்கத்து ஏரிகளில் வழக்கமான காட்சி. பல்லவர், சோழர், விஜயநகரம், ஆற்காடு நவாப், கிழக்கிந்திய கம்பெனி என்று ஆட்சி மாறி மாறி நடந்த பூமி இது. அதனால் மண்ணோடு மண்ணாகப் பச்சை பூத்த ஒரு செப்புக் காசு வந்து விழுந்தால் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

பாட்டியின் சுருக்குப் பையிலோ மாமாவின் டிரங்குப் பெட்டியிலோ கிடைக்கும் காசுகள் வேறு ரகம். விக்டோரியா ரூபாய், ஓட்டைக் காலணா, பித்தளை நிறத்து 20 பைசா எல்லாம் அதில் இருக்கும்.

எங்கிருந்து வந்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். "இது எவ்ளோ போகும்?" என்று கேட்கிறோம். பத்து நிமிடத்தில் ஒருவர், "யூடியூப்ல பார்த்தேன், அஞ்சு லட்சம் தர்றாங்களாம்" என்பார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். காசு எங்கே கிடைத்தது? அது என்ன காசு? அதே காசு இன்னும் எத்தனை இருக்கிறது?

எங்கே கிடைத்தது? சட்டம் கேட்கும் முதல் கேள்வி

பரம்பரையாக வீட்டில் இருக்கும் காசு உங்களுடையது. அதை வைத்துக்கொள்வதில் பிரச்சினை இல்லை. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது என்றால் கதையே வேறு.

1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்த கட்டுமானத்திலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல்தான். மத்தியச் சட்டத்தில் எழுதியிருக்கும் வரம்பு வெறும் 10 ரூபாய். அதற்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, என்றைக்குக் கிடைத்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கலெக்டர் கேட்கும் பிணையம் தர வேண்டும்.

"அப்போ நமக்கு ஒண்ணும் கிடைக்காதா?" என்பதுதான் பலரும் கேட்பது. கிடைக்க வழி இருக்கிறது. கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்களுக்கு 4 முதல் 6 மாத அவகாசத்தில் ஒரு நாள் குறிப்பார். உரிமையாளர் யாருமில்லாத புதையல் என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, இடத்தின் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு என்பது சட்டத்தின் பொதுக் கணக்கு. இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்திருந்தால் அதன்படி பிரியும். அரசே புதையலை எடுத்துக்கொள்ள நினைத்தால், அதிலுள்ள உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும்.

மறைத்தால் நஷ்டம்தான். கண்டெடுத்தவரின் பங்கு பறிபோகும். ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சொல்லாமல் விற்றவருக்குப் பாத்திரக் கடைக்காரர் தரும் சில நூறு ரூபாயோடு வழக்கும் சேர்ந்து வரும். முறைப்படி சொன்னவருக்குச் சட்டப்படி பங்கு கேட்கும் உரிமை இருக்கிறது.

உத்திரமேரூரில் நடந்தது

இந்தச் சட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு நேரடியாக அறிமுகமானது 2020 டிசம்பரில். உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. கருவறை முன்னால் இருந்த கல் படிகளைப் பெயர்த்தபோது, அடியில் அரை கிலோவுக்கு மேல் தங்கப் பொருட்கள் கிடைத்தன. சாமியின் நகை, கோயிலுக்கே சேர வேண்டும் என்பது ஊர் மக்களின் வாதம். புதையல் சட்டப்படி ஒப்படைத்தாக வேண்டும் என்றார்கள் வருவாய்த் துறையினர். வாக்குவாதம், பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து, கடைசியில் தங்கம் அரசின் வசம் போனது.

அதே ஆண்டு பிப்ரவரியில் திருச்சி திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது ஒரு செம்பு கிடைத்தது. உள்ளே 505 பொற்காசுகள், மொத்த எடை 1.716 கிலோ. அதுவும் கருவூலத்துக்குத்தான் போனது.

இந்த இரண்டாவது செய்தியில் காசு பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1,716 கிராமை 505-ஆல் வகுத்தால் ஒரு காசுக்குச் சராசரியாக 3.4 கிராம் வருகிறது. தென்னிந்தியாவில் பல நூற்றாண்டு புழங்கிய வராகன் என்ற பொற்காசின் எடையும் ஏறக்குறைய அதுதான். காசில் இருக்கும் எழுத்தைப் படிப்பதற்கு முன்பே, எடை ஒரு துப்பு கொடுத்துவிடுகிறது.

இன்னொரு தகவலும் இதே ஊரோடு சேர்ந்தது. குடவோலை முறைக்குப் பெயர்போன உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலத்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு 'பொன் வாரியம்' என்ற குழுவையும் அது சொல்கிறது. பொன் சம்பந்தப்பட்ட விஷயங்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு குழு, அதுவும் 1,100 ஆண்டுகளுக்கு முன்னால். கைக்கு வந்த தங்கத்தைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது என்பது இந்த மண்ணுக்குப் புதிய யோசனை இல்லை.

இது என்ன காசு? வீட்டிலேயே செய்யும் நான்கு சோதனைகள்

ஒன்று, எடை. 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அச்சடித்த காசுக்கு நிர்ணயித்த எடை உண்டு. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். 9 கிராமோ 13 கிராமோ காட்டினால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு, காந்தம். வெள்ளி, தங்கம், செம்பு எதுவும் காந்தத்தில் ஒட்டாது. இரும்பும் நிக்கலும் ஒட்டும். 1947 தேதியிட்ட, புலி நடந்துபோகும் ஜார்ஜ் மன்னர் ரூபாயை 'வெள்ளி' என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வீடுகள் நிறைய. காந்தத்தைக் காட்டினால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அது நிக்கல். 1964-ல் வந்த நேரு உருவ ஒரு ரூபாயும் அப்படித்தான்.

மூன்று, தண்ணீர். இது கொஞ்சம் பொறுமை கேட்கும் சோதனை. தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலோ ஓரத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது ஒரு சிறிய எண்ணைக் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவது உலோகத்தின் அடர்த்தி. பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய் என்றால் தராசு சுமார் 1.13 காட்ட வேண்டும். 11.66-ஐ 1.13-ஆல் வகுத்தால் 10.3. வெள்ளி முலாம் பூசிய செம்பு-நிக்கல் காசு என்றால் 1.31 பக்கம் காட்டும், அடர்த்தி 8.9-தான் வரும். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3. பித்தளை சுமார் 8.5. முலாம் கண்ணை ஏமாற்றலாம், தண்ணீரை ஏமாற்ற முடியாது.

நான்கு, எழுத்தும் உருவமும். பகல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். பிளாஷ் வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்து மேலே தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் விட்டமும் பதிவாகிவிடும்.

நம்ம ஊரில் அடிக்கடி தட்டுப்படும் காசுகள்

ராஜராஜன் காசு: செம்பு. ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்கும். தமிழ் எழுத்து இல்லையே என்று பலர் இதை வடநாட்டுக் காசு என்று நினைத்துவிடுகிறார்கள். ஆயிரம் ஆண்டு பழையது என்றாலும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், சாதாரண நிலையில் இதற்குப் பெரிய விலை இல்லை.

பல்லவர் காசு: சிறியது, பெரும்பாலும் தேய்ந்தது. ஒரு பக்கம் காளை இருக்கும். காளை தெளிவாகத் தெரிந்தால், அதைத் துறை வல்லுநரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

அம்மன் காசு: புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட குட்டிச் செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. 320 அம்மன் காசு சேர்ந்தால் ஒரு ரூபாய். அம்மன் உருவத்தைப் பார்த்துச் சோழர் காலம் என்று சொல்லிவிடுவார்கள். கையில் வருவதில் பெரும்பாலானவை இயந்திரத்தில் அச்சான, பிற்காலத்துக் காசுகள்.

புதுச்சேரிக் காசு: பிரெஞ்சுக்காரர்கள் அச்சிட்டது. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'.

டச்சுக் காசு: மூன்று ரோமன் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிய முத்திரை இருக்கும். பழவேற்காடு, நாகப்பட்டினம் வரை டச்சுக் கம்பெனி வியாபாரம் செய்த தடயம் அது.

எழுத்து ஒன்று ஒரு நாட்டின் வரலாற்றையே திருத்திய சம்பவமும் நம்மிடம் உண்டு. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா.கிருஷ்ணமூர்த்தி, 1980-களில் ஒரு சிறிய செப்புக் காசில் 'பெருவழுதி' என்ற தமிழ் பிராமி எழுத்தைப் படித்தார். சங்கப் பாண்டியர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பதற்கு அது சான்றானது. யாராவது அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் அந்த எழுத்து போயிருக்கும்.

பாட்டி பெட்டியில் இருக்கும் வெள்ளி ரூபாய்

இங்கேதான் கணக்கு எளிது. ராணி அல்லது ராஜா தலையும் ஆண்டும் தெரிந்தால் வெள்ளி எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் வெள்ளி 91.7 சதவீதம். 11.66 கிராமில் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால வெள்ளித் தட்டுப்பாடுதான் காரணம். அப்போது சுத்த வெள்ளி 5.83 கிராம் மட்டுமே. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது.

கணக்குக்கு வசதியாக ஒரு கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையில் உலோக மதிப்பு 1,069 ரூபாய். இரண்டாவது வகையில் 583 ரூபாய். அன்றைய வெள்ளி விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். இதுதான் தரைமட்ட விலை. இதற்குக் கீழே யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இதற்கு மேலே கிடைப்பது எல்லாம் ஆண்டு, அச்சகம், நிலை ஆகியவற்றைப் பொறுத்தது.

சில ஆண்டுகளுக்குத் தனிக் கதை உண்டு. 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அணிந்திருக்கும் மாலையில் ஒரு குட்டி யானை இருக்கிறது. அதன் துதிக்கையும் காலும் சரியாக அமையாமல் பன்றி மாதிரி தெரிந்ததால் மக்களிடம் எதிர்ப்பு கிளம்பியது. அச்சானதில் சிறு பகுதி மட்டுமே வெளியே போனது, மீதி உருக்கப்பட்டது. 1912-ல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். சேகரிப்பவர்கள் இன்றும் அதைப் 'பன்றி ரூபாய்' என்றுதான் தேடுகிறார்கள். 1939 ரூபாயும் அரிது. அரிது என்பதாலேயே அதில் போலிகளும் அதிகம்.

இன்றைய காசில் என்ன பார்க்க வேண்டும்?

ஆண்டுக்குக் கீழே ஒரு சிறு குறி இருக்கும். அதுதான் மின்ட் மார்க். வைரக் கட்டம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. 1980-களில் காசுத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டிலும் அச்சிட்டார்கள். 1985 ஒரு ரூபாயில் 'ஹெச்' என்ற ரோமன் எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சானது. ஒரே ஆண்டில் ஒரு அச்சகம் நிறையவும் இன்னொன்று குறைவாகவும் அச்சிட்டிருக்கலாம். குறி முக்கியமாவது அதனால்தான்.

அடுத்தது அச்சுப் பிழை. உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது, ஓரம் பிறை மாதிரி வெட்டுப்பட்டிருப்பது, இரண்டு பக்கமும் ஒரே உருவம் ஒன்று நேராகவும் ஒன்று குழியாகவும் விழுந்திருப்பது போன்றவை அச்சகத்திலேயே நடந்த தவறுகள். இவற்றுக்குச் சேகரிப்பாளர்களிடம் கிராக்கி உண்டு. 'தலை' பக்கத்தை நேராகப் பிடித்து, பக்கவாட்டில் புரட்டிப் பாருங்கள். 'பூ' பக்கமும் நேராக இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் அதுவும் பிழைக் காசுதான். ஆனால் சுத்தியலால் அடித்தது, ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, வெயிலில் நிறம் மாறியது எல்லாம் பிழைக் காசு ஆகாது. அவை கெட்டுப்போன காசு, அவ்வளவுதான்.

நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை அரிதானவை அல்ல. 2009-ல் வந்த அறிஞர் அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. ஆசையாக வைத்துக்கொள்ளலாம். புழங்கிய காசாக விற்கப் போனால் பெரிய தொகை கிடைக்காது.

பழசு என்றால் விலை அதிகமா?

இல்லை. வயது விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை மிச்சம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

சென்னையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மதராஸ் மாகாணத்தில் புழங்குவதற்காக 1808 தேதியிட்ட 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை இங்கிலாந்தில் அச்சிட்டு, 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையோரத்திலேயே கப்பல் மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். விளைவு, 200 ஆண்டு வயதும் கப்பல் விபத்துக் கதையும் இருந்தும் அவை எளிதாகக் கிடைக்கும் காசுகள். மதராஸ் மக்கள் கைக்கு வராமலே போன மதராஸ் காசு அது.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம். அமெரிக்காவின் 1933 தேதியிட்ட 20 டாலர் பொற்காசு. அச்சடித்தது 4,45,500. புழக்கத்துக்கு விடாமல் ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று. 2021 ஜூனில் நியூயார்க்கில் அது ஏலம் போனபோது கிடைத்த விலை சுமார் 1.89 கோடி டாலர். 100 ஆண்டுகூட ஆகாத காசு! பத்திரப்படுத்திய ஆவணங்களும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறும் சேர்ந்துதான் அந்த விலை.

நிலை என்பதும் அதே அளவுக்கு முக்கியம். ஒரே ஆண்டு, ஒரே அச்சகம், ஒரே காசு. ஒன்றில் ராணியின் முடி இழை இழையாகத் தெரிகிறது, இன்னொன்றில் முகமே மொழுக்கென்று இருக்கிறது. முதலாவது, இரண்டாவதைப்போல் பல மடங்கு விலை போகலாம். அச்சகத்திலிருந்து வந்தபடியே இருப்பதை 'அன்சர்குலேட்டட்' என்பார்கள். விற்பனைப் பட்டியலில் பெரிய விலை பார்த்தால், அது எந்த நிலைக்கான விலை என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விற்பவர் கேட்கும் விலை வேறு, வாங்கியவர் கொடுத்த விலை வேறு. ஆன்லைனில் எந்தக் காசுக்கும் யார் வேண்டுமானாலும் 9 லட்சம் என்று எழுதலாம். ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்தபின் வெளியிடும் முடிவு விலையைத் தேடுங்கள். ஒரே வகைக் காசுக்கு நான்கைந்து முடிவு விலைகளைப் பார்த்தால் உண்மையான சந்தை புரியும்.

ஏமாற்று எப்படி நடக்கிறது?

"வைஷ்ணவ தேவி காசு இருக்கா? பத்து லட்சம்!" என்ற விளம்பரம் பல ஆண்டாகச் சுற்றுகிறது. வைஷ்ணவ தேவி கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012 தேதியிட்டு வந்த 5, 10 ரூபாய் நினைவு நாணயம் அது. புழக்கத்துக்கே விட்ட காசு. லட்சம் தருகிறேன் என்பவர் முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார், பிறகு ஜி.எஸ்.டி., பிறகு கமிஷன், அதன்பின் 'ரிசர்வ் வங்கிச் சான்றிதழ்' கட்டணம். விற்க வந்தவர்தான் பணம் கட்டிக்கொண்டே இருப்பார்.

2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, இதற்காக எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைத் தரவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. விற்பவரிடமே முன்பணம் கேட்டால் அது மோசடி. வேறு ஆராய்ச்சியே தேவையில்லை.

இரண்டாவது வகை, 'ராமர் பட்டாபிஷேகக் காசு'. ஒரு பக்கம் ராமர், சீதை, அனுமன், மறுபக்கம் 'கிழக்கிந்திய கம்பெனி, அரை அணா, 1818' என்று ஆங்கிலத்தில் இருக்கும். கம்பெனி காசில் சாமி உருவமே வராது என்று சொல்ல முடியாது. மதராஸில் அச்சிட்ட வராகன்களில் திருமால் உருவம் உண்டு. ஆனால் 1818-ல் இப்படி ஒரு அரை அணாக் காசை கம்பெனி வெளியிடவே இல்லை. இவை பிற்காலத்தில் பூஜைக்கும் விற்பனைக்கும் செய்த வில்லைகள். அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, விண்வெளி ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள் என்று இதைச் சொல்லித்தான் 'ரைஸ் புல்லர்' கும்பல்கள் ஏமாற்றுகின்றன. தமிழ்நாட்டில் போலீஸ் திரும்பத் திரும்பப் பிடிக்கும் மோசடி இது.

மூன்றாவது, நேர்மாறானது. நல்ல காசை "செல்லாது" என்று ஒதுக்குவது. 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் கடைகள் இன்னமும் இருக்கின்றன. 14 வடிவங்களில் வந்த 10 ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனது 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான். 50 பைசா இன்றும் சட்டப்படி செல்லும்.

செய்யக் கூடாதவை

புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி, சபீனா. பாத்திரத்துக்கு நல்லது, காசுக்கு எமன். செம்பின் மேலிருக்கும் களிம்புப் படலம் அதன் வயதுக்கு அத்தாட்சி. தேய்த்தால் அதோடு எழுத்தும் போகும், விலையும் போகும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். சாதாரண பி.வி.சி. பிளாஸ்டிக் கவரில் போட்டால் காலப்போக்கில் பச்சைப் பசை படியும். அமிலமில்லாத காகித உறையே நல்லது.

உருக்கவும் கூடாது. அரசு வெளியிட்ட நாணயத்தை உருக்குவதும் சிதைப்பதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம். 7 ஆண்டு வரை சிறை உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளைக்கு கூரியரில் அனுப்புவதும் ஆபத்து. 100 ஆண்டு கடந்த நாணயம் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 'தொல்பொருள்'. தனிநபர் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. ஐந்தாம் ஜார்ஜ் காலத்துத் தொடக்க ரூபாய்கள் இந்த வயதை ஏற்கனவே தாண்டிவிட்டன.

சரி, யாரிடம் போவது?

மண்ணில் கிடைத்தது என்றால் முதலில் கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தார் வழியாகக் கலெக்டருக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். நகல் ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்கு கேட்க வேண்டிய நாள் வந்தால் அந்தத் தாள்தான் உங்கள் ஆதாரம். காசு கிடந்த இடத்தையும் போட்டோ எடுங்கள். பத்துக் காசு ஒன்றாகக் கிடைத்தால் பத்தையும் பிரிக்காமல் கொடுங்கள். எந்தக் காசோடு எந்தக் காசு கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தைக் கணிப்பார்கள்.

அடையாளம் காண, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜராஜன் காசையும் ரோமானியக் காசையும் நேரில் பார்த்தால், அடுத்த முறை போலியைக் கண் கண்டுபிடித்துவிடும். நாணயச் சேகரிப்பாளர் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளில் மூத்த சேகரிப்பாளர்கள் காசைப் பார்த்துச் சொல்வார்கள். குடும்பக் காசை விற்பதாக இருந்தால், குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அவசரப்படுத்துபவரிடம் கொடுக்காதீர்கள். ரசீது வாங்காமல் கையை விட்டுக் காசு போகக் கூடாது.

பெரும்பாலான வீட்டுக் காசுகளுக்கு இந்தச் சோதனைகள் எல்லாம் முடிந்தபின் வரும் விலை, சில நூறோ சில ஆயிரமோதான் இருக்கும். அது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் பத்து லட்சம் என்று நம்பிப் பதிவுக் கட்டணம் கட்டியவர் இழப்பதும், நல்ல காசைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டவர் இழப்பதும் அதைவிடப் பெரிய தொகை. ஒரு தராசு, ஒரு காந்தம், ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் இந்த இரண்டு நஷ்டத்தையும் தவிர்க்கலாம்.